குவளை இல்லாத பண்டம்: போத்தனூரில் ஓர் ஐஸ் கடையின் வரலாறு

டீக்கடை பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். தனிக் கிளாஸ், கொட்டாங்குச்சி, பெஞ்சில் உட்காரக் கூடாது, குடித்த கிளாஸை நாமே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். கொங்குநாட்டு தலித்துகளின் வாழ்க்கையைச் சொல்ல வருகிற எந்தக் கட்டுரையும் டீக்கடை வாசலைத் தொடாமல் போவதில்லை. அந்தக் கட்டுரைகளில் நாம் எப்போதும் வெளியே நிற்கிறவர்கள், காசு கொடுத்து வாங்குகிறவர்கள். விற்கிற இடத்தில் நம்மில் ஒருத்தர் நின்றால் என்ன நடக்கும்? அதற்கான பதிவு மிகக் குறைவு. நின்றவர்களே குறைவு என்பது ஒரு காரணம். நின்றவர்கள் சாதியை மறைத்துக்கொண்டு நின்றார்கள் என்பது இன்னொரு காரணம். எங்கள் குடும்பம் நாற்பது வருஷமாக அந்த இடத்தில் நிற்கிறது. விற்ற பண்டம் ஐஸ்.

ஐஸ் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. டீக்குக் கிளாஸ் வேண்டும். சோத்துக்கு இலை வேண்டும், தண்ணிக்குச் சொம்பு வேண்டும். குச்சி ஐஸுக்கு எதுவும் வேண்டாம். குச்சியே பாத்திரம், தின்று முடித்ததும் வீசிவிடலாம். எச்சில் கிளாஸ், யார் கழுவுவது, எங்கே கவிழ்ப்பது என்ற பேச்சே எழாது. இரட்டைக் குவளை வைக்க வழியே இல்லாத பண்டம் ஒன்று நம் தெருக்களில் இறங்கியபோது சாதி என்ன செய்தது? கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றதா?

அதற்குப் போகும் முன் ஐஸ் இந்த மண்ணுக்கு எப்படி வந்தது என்று பார்த்துவிட வேண்டும். 1833ஆம் வருஷம் மே மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலிருந்து டஸ்கனி என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. குளிர்காலத்தில் உறைந்த குளங்களை அறுத்து, மரத்தூளில் பொதிந்து வைத்த கட்டிகள். நாலு மாதக் கடல் பயணம். செப்டம்பரில் கல்கத்தா சேர்ந்தபோது கரைந்தது போக சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது. அனுப்பிய வியாபாரி ஃபிரடெரிக் டியூடர். 1842இல் சென்னைக் கடற்கரையிலும் அவர் கம்பெனி ஒரு கிடங்கு கட்டியது. அதுதான் ஐஸ் ஹவுஸ். கல்கத்தா, பம்பாய் கிடங்குகள் போய்விட்டன, சென்னையில் இருந்தது மட்டும் இன்றும் நிற்கிறது. வெள்ளைக்காரத் துரைகளின் மதுவுக்கும் காய்ச்சல்காரர்களின் தலைக்கும் போன பனிக்கட்டி அது.

டியூடர் கம்பெனி பனிக்கட்டி அறுத்த குளங்களில் ஒன்று வால்டன். அதன் கரையில் குடிசை போட்டு வாழ்ந்த எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1846-47 குளிர்காலத்தில் ஆட்கள் வந்து குளத்தை அறுப்பதைப் பார்த்தார். 1854இல் வெளிவந்த அவருடைய ‘வால்டன்’ புத்தகத்தில் அது வருகிறது. சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் தன் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று நினைத்து அவர் மகிழ்ந்து போகிறார். எம்.ஏ. படிக்கும்போது நூலகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்தேன், சிரிப்புதான் வந்தது. எந்தச் சென்னைக்காரன் குடித்தானாம்? தோரோவைக் குறை சொல்லவில்லை. அடிமை வியாபாரம் நடத்துகிற அரசாங்கத்துக்கு வரி கட்டமாட்டேன் என்று ஓர் இராத்திரி சிறையில் இருந்துவிட்டு வந்த மனுஷன். தன் கிணற்றைக் கடல் தாண்டியும் பங்கிட அவருக்கு மனசு இருந்தது. அதே காலத்தில் இங்கே ஊர்க் கிணற்றின் மதில் பக்கம் நம் ஆட்கள் போக முடியாது. பாஸ்டன் குளத்துத் தண்ணீர் பத்தாயிரம் மைலுக்கு மேல் கடந்து சென்னைக்கு வந்தது, சேரியிலிருந்து ஊர்க் கிணறு இருநூறு அடி. எது தூரம்?

அந்தக் கட்டிகளைக் கரையில் சுமந்தவர்கள் யார் என்று வரலாற்று நூல்கள் சொல்வதில்லை. ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ நாவல் (2013) ஐஸ் ஹவுஸில் பனிக்கட்டி உடைத்த தலித் தொழிலாளர்களையும், 1876-78 தாது வருஷப் பஞ்சத்தையும் வைத்து எழுதப்பட்டது. அந்த நாவலோடு நமக்குப் பல சண்டைகள் உண்டு, அவை வேறு இடத்துக்கு. ஆனால் பனிக்கட்டிக்கு அடியில் ஒரு தலை இருந்தது, அது பெரும்பாலும் நம் தலை என்கிற எண்ணத்தை அது பொதுப் புத்தியில் வைத்தது. 1870களில் ஆவி எந்திரத்தால் இங்கேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அமெரிக்க ஐஸ் செத்துப்போனது. ஐஸ் ஹவுஸ் கைமாறியது. 1897இல் விவேகானந்தர் வந்து தங்கினார். பிறகு சகோதரி சுப்புலட்சுமி அங்கே பிராமண விதவைப் பெண்களுக்கு விடுதி நடத்தினார். ஒரே கட்டடத்துக்குள் துரை, சாமியார், விதவை எல்லோருக்கும் இடம் இருந்திருக்கிறது, சுமந்தவனுக்கு மட்டும் வாசல்தான்.

போத்தனூருக்கு வருவோம். கோவை நகரத்துக்கு முன்பே ரயில் வந்த ஊர் இது. சென்னையிலிருந்து மலபார்க் கரையின் பேப்பூருக்குப் போட்ட பாதை 1862இல் இந்த வழியாக முழுமையடைந்தது. கோவை வழியாக மேட்டுப்பாளையம் போகிற கிளை 1873இல் வந்தது. பொள்ளாச்சிக்கு மீட்டர்கேஜ் பாதை 1915இல். ஜங்ஷன் என்றாலே காலனி. சிவப்புக் கட்டடங்கள், வேப்ப மரங்கள், ஆங்கிலோ இந்தியர்களின் பங்களா, தேவாலயம், ஒர்க்‌ஷாப் சங்கு. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. பக்கத்து வெள்ளலூரில் 1842இல் ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் கிடைத்ததும் இருக்கிறது (சென்னையில் ஐஸ் ஹவுஸ் எழும்பிய அதே வருஷம், ரோமாபுரிக் காசும் பாஸ்டன் பனியும் நம் பெயர் இல்லாமலே நம் ஊருக்கு வந்து போகின்றன). காலனியின் எடுப்புக் கக்கூஸ்களை யார் எடுத்தார்கள் என்பது இல்லை. எங்கள் தாத்தா எடுத்தார். காக்கி அரைக்கால் சட்டை, பித்தளை வில்லை, விளக்குமாறு. ரயில்வேயில் நிரந்தர வேலை என்று ஒறம்பரைகள் நடுவில் அவருக்கு ஒரு கௌரவம். தெருவில் அதே வேலையால்தான் பெயர்.

அவர் ஸ்டேஷனைக் கூட்டிய காலத்துக்குச் சற்று முன்புவரை ரயில்வே உணவு விடுதிகளில் ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்று இரண்டு பிரிவு. பெரியார் இயக்கம் விடாமல் போராடிய பிறகு 1941இல் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. இது பெரிய வெற்றி, மறுக்க முடியாது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலகையில் இரண்டு சொல்தான் இருந்தது. மூன்றாவது ஆள் பலகையிலேயே கிடையாது. பலகையை எடுத்தபின் தாத்தா அந்த விடுதிக்குள் போனாரா என்று பாட்டியிடம் கேட்டேன். “போனாரு கண்ணு, தெனமும் போனாரு. கூட்டறதுக்கு” என்றாள். வெள்ளைக்கார முதல் வகுப்புப் பெட்டிகளில் கோடைகாலத்தில் தொட்டி நிறையப் பனிக்கட்டி வைத்துக் குளிர்விப்பார்கள் என்று படித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்துக்கும் ஐஸுக்கும் முதல் உறவு அங்கேதான் தொடங்கியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். கரைந்து தரையில் தேங்கிய தண்ணியைத் துடைத்த உறவு.

தாத்தாவோடு அந்த வேலை போகட்டும் என்று அப்பா முடிவு பண்ணியது எண்பதுகளின் தொடக்கத்தில். விளக்குமாறு பிடிக்க மாட்டேன் என்று சொன்ன எங்கள் வளவின் முதல் ஆள்களில் அவர் ஒருத்தர். ஆனால் வேறு என்ன பிடிப்பது? நிலம் கிடையாது. மில்லில் சேர சிபாரிசு கிடையாது. கடை வைக்க முதல் கிடையாது. முதலே இல்லாமல் தொடங்கக்கூடிய வியாபாரம் அன்றைக்கு ஒன்றே ஒன்று. ஐஸ் கம்பெனிக்குப் போனால் சைக்கிளும் பெட்டியும் அவர்களே தருவார்கள். காலையில் எண்ணி எடுத்துக்கொண்டு போய், சாயங்காலம் கணக்கு முடித்து, நமக்குக் கமிஷன். கம்பெனிக்காரர் ஒரு ராவுத்தர். ஆளைப் பார்த்தார், சைக்கிள் மிதிக்கத் தெரியுமா என்று கேட்டார், வேறெதையும் கேட்கவில்லை. அதை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐஸ் கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு ஓட்டுக் கட்டடம். உள்ளே உப்புத் தண்ணித் தொட்டி. அமோனியா கம்ப்ரசர் ஓடி அந்த உப்புத் தண்ணியை உறைநிலைக்குக் கீழே கொண்டுபோகும். உப்பு இருப்பதால் அது உறையாது. தகர அச்சுகளில் சர்க்கரைத் தண்ணியோ சாக்கரின் தண்ணியோ, கலரும் எசன்ஸும் கலந்து ஊற்றி, அதில் இறக்கி வைத்தால் அச்சுக்குள் இருப்பது மட்டும் கெட்டியாகும். பாதி உறையும்போது குச்சியைச் செருக வேண்டும். எடுத்துப் பச்சைத் தண்ணியில் ஒரு முக்கு முக்கினால் அச்சிலிருந்து கழன்று வரும். ஆரஞ்சு, திராட்சை, பால், சேமியா. சேமியா ஐஸுக்குக் காசு அதிகம். பெட்டி மரம், உள்ளே தகரமும் தெர்மாக்கோலும். ஐஸ் துண்டும் கல்லுப்பும் கலந்து போட்டால் சூடு பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை இறங்கும். அந்த உப்புதான் வியாபாரியின் ஆயுசு. உப்புத் தண்ணி பட்டு அப்பா கை விரல் இடுக்கெல்லாம் எப்போதும் வெடித்திருக்கும். செருப்புத் தைத்த கை வெடிக்கும், மலம் அள்ளிய கை வெடிக்கும், ஐஸ் விற்ற கையும் வெடித்தது.

பண்டத்தின் குணத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் வரப்போகும் விஷயம் அதில்தான் இருக்கிறது. கடலை விற்காவிட்டால் நாளைக்கு விற்கலாம். துணி விற்காவிட்டால் அடுத்த சந்தை. ஐஸ் விற்காவிட்டால் தண்ணி. காலையில் எண்ணி வாங்கியது எண்ணி வாங்கியதுதான், கரைந்ததைக் கம்பெனி திருப்பி எடுக்காது. மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை உள்ள வெயில்தான் வியாபாரம். அந்த நாலு மணி நேரத்தில் யாராவது ஒரு தெருவை அடைத்தால் போதும், அன்றைய கூலி ரோட்டில் ஒழுகிப் போகும்.

ரயில்வே காலனியில் அடைப்பு இல்லை. குறிச்சிப் பக்கம், சுந்தராபுரம் பக்கம், முஸ்லிம் தெருக்கள் எங்கும் இல்லை. பெட்டி மூடியை டப்பு டப்பென்று தட்டினால் பிள்ளைகள் ஓடிவரும். காசு இல்லாத பிள்ளை பழைய இரும்பு, காலி பாட்டில் கொண்டுவரும். சிக்கல் ஊருக்குள் போனால்தான். செட்டிபாளையத்துக்குத் தெற்கே தோட்டங்களும் ஊர்களும். கோடையில் அங்கேதான் வியாபாரம் அதிகம். முதல் கேள்வி ஐஸ் என்ன விலை என்று வராது. “ஏப்பா, எந்தூரு?” “போத்தனூருங்க.” “போத்தனூர்ல எங்க?” “ரயில்வே லைனுங்க.” அதோடு நின்றுவிடும். ரயில்வே என்ற சொல் அப்பாவுக்கு ஒரு போர்வை. காலனியில் எல்லாச் சாதியும் உண்டு என்பதால் அந்தப் பதிலில் சாதி தெரியாது. தாத்தாவை நாறடித்த அதே ரயில்வே அப்பாவை மறைத்தது.

அப்படி இரண்டு கோடை ஓடியது. மூன்றாவது கோடையில் ஓர் ஊரின் நடுத்தெருவில் நின்று விற்றுக்கொண்டிருந்தபோது அந்த ஊர் வளவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அம்மா வழியில் சொந்தம். பார்த்த சந்தோஷத்தில் உறவுமுறை சொல்லித் தெலுங்கில் கூப்பிட்டுவிட்டார். அவ்வளவுதான். (எங்கள் வீட்டில் தெலுங்கு. கொங்கில் எங்கள் ஆட்களின் வீட்டுத் தெலுங்கைக் கேட்டதும் சாதியைச் சொல்லிவிடுவார்கள். இந்தத் தெலுங்கோடு நான் தமிழ் எம்.ஏ. படித்தது தனிக் கதை.) சுற்றி நின்ற பிள்ளைகள் வாயில் ஐஸ். திண்ணையில் இருந்த ஒரு அம்மா மட்டும் எழுந்து வந்து தன் பேரன் கையிலிருந்த ஐஸைத் தட்டிவிட்டார். மற்றதெல்லாம் ஏற்கெனவே வயிற்றுக்குள். அடிதடி நடக்கவில்லை, அப்பாவை யாரும் கட்டி வைக்கவில்லை. ஒருத்தர் வந்து நிதானமாகச் சொன்னார்: “இனிமே நேரா வளவுக்குப் போயிருப்பா. ஊருக்குள்ள நிறுத்தாத.” அன்றைக்குப் பெட்டியில் எண்பதுக்கு மேல் இருந்தது. வளவில் அத்தனை காசு ஏது? பாதியைப் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுத்துவிட்டு மீதியைக் கரைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தார்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெயில் கூடக் கூடப் பிள்ளைகள் அழுதார்கள். ஊர் தன் விதியைக் கொஞ்சம் தளர்த்தியது. வண்டி ஊர் எல்லையில் புளியமரத்தடியில் நிற்கலாம். அப்பா பெட்டி மூடியைத் திறந்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். பிள்ளைகளே குச்சியைப் பிடித்து எடுத்துக்கொள்வார்கள். காசை மூடி மேல் வைப்பார்கள். சாஸ்திரத்தில் ஐஸுக்கு விதி கிடையாது. மனு ஐஸைப் பார்த்ததில்லை. அது தண்ணியா, தண்ணி என்றால் தீட்டு. கடையில் விற்கிற மிட்டாயா, மிட்டாய் என்றால் தீட்டில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஒன்றுக்கு அந்த ஊர் புளியமரத்தடியில் புதுசாக ஒரு விதி எழுதியது. சாதி பழசு, அதனால் தானாகச் சாகும் என்று சொல்கிற தோழர்கள் அந்தப் புளியமரத்தைப் பார்த்திருக்க வேண்டும். குவளை இல்லாத பண்டத்துக்கு அது பெட்டியையே குவளையாக்கியது.

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4ஆம் பிரிவு கடைக்குள் நுழைவதையும் விடுதியில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. 6ஆம் பிரிவு பொருளை விற்க மறுப்பதைக் குற்றமாக்குகிறது. நல்ல பிரிவுகள். இரண்டும் நம்மை வாங்குகிறவனாக நினைத்து எழுதப்பட்டவை. நம்மிடம் வாங்க மறுப்பதைப் பற்றி என்ன? ஊர் கூடிக் கட்டளை போட்டுப் புறக்கணித்தால் வழக்குப் போடலாம். 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு வந்து 2016 ஜனவரியில் அமலான திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பைத் தெளிவாகவே குற்றம் என்கிறது. ஆனால் ஒரு தனி ஆள், தனியாக, வாயைத் திறக்காமல், வாங்காமல் போனால்? அதைக் குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்ல முடியாது, சொல்லச் சொல்லிக் கேட்கவும் நான் தயாரில்லை. யாரிடம் வாங்குவது என்பது அவரவர் இஷ்டம். அந்த இஷ்டத்துக்குள்தான் சாதி போய் உட்கார்ந்துகொண்டது.

1927 மார்ச் 20ஆம் தேதி மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணியை அள்ளிக் குடித்தார். தண்ணிக்குப் போகிற உரிமையை அன்றைக்கு நாம் கையால் அள்ளி எடுத்தோம். நம் கையால் கொடுத்த தண்ணியை அவர்கள் குடிப்பார்களா என்பது அதற்கு அடுத்த கேள்வி. அதற்கு ஊர்வலம் போக முடியாது. 2018 ஜூலையில் அவினாசி வட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் தகராறு செய்தார்களே, அது இந்தக் கேள்விதான். அதிகாரிகள் முதலில் அந்த அம்மாவையே இடம் மாற்றினார்கள், போராட்டம் கிளம்பிய பிறகுதான் திரும்ப அழைத்தார்கள். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி நம் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த கடைக்காரரைக் கைது செய்தார்கள். விற்க மறுத்ததால் சட்டம் பிடித்தது. திருமலைக்கவுண்டம்பாளையத்தில் சமையல்காரம்மாவைத் தடுத்ததற்கு வழக்கு உண்டு. அவர் சமைத்ததை ஒரு பிள்ளை தட்டில் வாங்காமல் எழுந்து போனால் என்ன வழக்கு?

கடை வைத்தது அம்மாவின் யோசனை. “தெருத்தெருவா போயி அசிங்கப்படறதுக்கு ஒரு எடத்துல உக்காந்தா, வேணுங்கறவன் வருவான், வேண்டாதவன் வரமாட்டான்” என்றாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கமாக ஒரு தள்ளுவண்டி, பிறகு தகரக் கொட்டகை. ராவுத்தர் கம்பெனிக் குச்சி ஐஸ், கப் ஐஸ், கோடையில் சர்பத். போத்தனூரில் இது சாத்தியமானதற்குக் காரணம் யாருடைய பெருந்தன்மையும் இல்லை. அங்கே எந்தச் சாதியும் தனியாக ஊர் என்று சொல்லிக்கொள்ள முடியாத கலப்பு. ஆங்கிலோ இந்தியக் கிழவி, மலையாள கார்டு, பள்ளிவாசல் தெருப் பையன்கள், ஒர்க்‌ஷாப் ஆட்கள். கேட் மூடினால் ரெண்டு பக்கமும் கூட்டம், கூட்டத்துக்கு வேர்வை, வேர்வைக்கு ஐஸ். டவுன் வண்டி எத்தனை மணிக்கு என்பது ஸ்டேஷன் மாஸ்டரை விட அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

1997 கடைசியில் எல்லாம் நின்றது. நவம்பர் இறுதியில் ஒரு போலீஸ்காரர் கொலையும் அதைத் தொடர்ந்த கலவரமும் துப்பாக்கிச் சூடும், 18 முஸ்லிம்கள் செத்தார்கள். 1998 பிப்ரவரி 14இல் தொடர் குண்டுவெடிப்பு, 58 உயிர். கம்பெனி பூட்டிக் கிடந்தது, ராவுத்தர் ஊரில் இல்லை. எங்கள் வளவுப் பையன்கள் சிலர் அந்த நாட்களில் காவிக்கொடி கட்டிக்கொண்டு திரிந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். நம்மைக் கோயிலுக்குள் விடாதவன், கடை உடைக்க மட்டும் இந்து என்று கூப்பிட்டான், சிலர் போனார்கள். அப்பா அவர்களோடு பேச்சை நிறுத்திவிட்டார். “எஞ்சாதி கேக்காம சைக்கிள் குடுத்தவன் கடையடா அது” என்று கத்தியது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. எனக்கு அப்போது பத்து வயசு. ராவுத்தர் திரும்பி வந்தார், ஆனால் கம்பெனி பழைய மாதிரி ஓடவில்லை.

அதற்குக் கலவரம் மட்டும் காரணம் இல்லை. ஐஸ்கிரீம் அதுவரை சிறுதொழிலுக்கு ஒதுக்கிய பண்டம், 1997இல் மத்திய அரசு அந்த ஒதுக்கீட்டை எடுத்துவிட்டது. ஹிந்துஸ்தான் லீவர் ஏற்கெனவே குவாலிட்டி உட்பட பழைய கம்பெனிகளை வளைத்துக்கொண்டு வந்திருந்தது. அமுல் 1996இல் இறங்கியது. தமிழ்நாட்டில் அருண். அதன் கதை எல்லோருக்கும் தெரியும், ஆர்.ஜி. சந்திரமோகன் 1970இல் ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலில் ஒரு சின்ன இடத்தில் நாலு பேரோடு குச்சி ஐஸ் போட ஆரம்பித்தார். ஆமதாபாத் வாடிலால் 1907இல் ஒரு சோடாக் கடை, தலைமுறை தலைமுறையாக வளர்ந்து கம்பெனி ஆனது. உழைப்பாளிகள், சந்தேகமில்லை. மேலாண்மைப் புத்தகங்களில் இவை பாடமாக வரும்போது நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பேன். 1970இல் எங்கள் தாத்தாவிடம் 13,000 ரூபாய் புரட்ட எதை விற்றிருக்க முடியும்? பித்தளை வில்லையையா? குடும்பத் தொழில் என்று எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். சிலருக்குக் குடும்பம் முதலைக் கொடுத்தது, எங்களுக்கு விளக்குமாறைக் கொடுத்தது.

2004 வாக்கில் கம்பெனி ஃப்ரீசர் வந்தது. டெபாசிட் கட்டினால் பெட்டி தருவார்கள், அவர்கள் சரக்கைத் தவிர வேறெதையும் உள்ளே வைக்கக் கூடாது. அம்மா தோட்டை அடகு வைத்தாள். அப்போது ஒன்று நடந்தது. அதுவரை எங்கள் கடைப் பக்கமே வராத சில வீடுகள் வந்தன. ஜங்ஷன் சுற்றி வீட்டுமனை விழுந்து ஊர்ப்பக்கமிருந்து குடிவந்த வீடுகள், எங்கள் சாதி தெரிந்த வீடுகள். கோன், குச்சி, குல்ஃபி எல்லாம் ஒட்டிய உறைக்குள் இருந்தது. எடுத்துக் கொடுக்கிற கைக்கும் தின்கிற வாய்க்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள். சமத்துவம் வந்துவிட்டது என்று நான் வீட்டில் சொன்னேன். கல்லூரியில் சேர்ந்த புதுசு, எதைப் பார்த்தாலும் தத்துவம் வரும். அம்மா பதில் பேசவில்லை. அடுத்த வாரம் உக்கடம் போய் ஆறு கண்ணாடி டம்ளர் வாங்கி வந்தாள். எசன்ஸ், பால், ஐஸ் போட்டு ரோஸ் மில்க். சொந்தச் சரக்கு, கம்பெனியுடையதை விட லாபம் அதிகம்.

வழக்கமான ஆட்கள் குடித்தார்கள். ஒர்க்‌ஷாப் ஆள் ஒருத்தர் ரெண்டு டம்ளர் குடித்துவிட்டு “அக்கா, தெனமும் போடுங்க” என்றார். உறை ஐஸ் வாங்குகிற அந்தப் புது வீடுகள்? “வேண்டாங், சளி புடிச்சுக்கும்.” கையில் கோன் ஐஸ் வைத்துக்கொண்டுதான் அதைச் சொல்வார்கள். சிலர் சுகர் என்றார்கள். ஒரு டீச்சரம்மா மட்டும் நேர்மையாக, “எனக்கொண்ணுமில்லீங், எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா வம்பு” என்று சிரித்தார். அவருக்கு அம்மா பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்தாள், அவர் வாங்கிக்கொண்டார். அதிலிருந்து பேப்பர் கப். வியாபாரம் ஏறியது. நாமே நம் கடையில் இரட்டைக் குவளை வைத்துவிட்டோமே என்று நான் சண்டை போட்டேன். “இது எல்லாத்துக்கும் ஒரே கப்பு, சாதிக்கொண்ணு வெக்கல” என்றாள். அவள் சொன்னது சரியா, நான் சொன்னது சரியா என்பது இன்றுவரை எனக்குத் தீரவில்லை. தனிக் குவளையை உடைக்கப் போராடிய நம் இயக்கங்கள் பலவும் கடைசியில் டீக்கடைக்காரன் எல்லோருக்கும் பேப்பர் கப் கொடுத்துவிட்டான் என்பதை வெற்றியாக எழுதியிருக்கின்றன. கழுவ வேண்டிய பாத்திரமே இல்லாமல் போனது தீண்டாமை ஒழிப்பா?

அப்பா 2011இல் செத்துப்போனார். இப்போது கடையைத் தம்பி பார்க்கிறான். தகரம் போய் ஷட்டர் வந்திருக்கிறது, சுவரில் பணம் அனுப்பும் சதுரக் கட்டம் ஒட்டியிருக்கிறது. பணம் கொடுக்கக் கைக்குக் கை தொட வேண்டியதில்லை. கம்பெனி ஃப்ரீசர் ரெண்டு. சைக்கிள் பெட்டியை அம்மா விற்கவில்லை, அதில் கரி போட்டு வைத்திருக்கிறாள். போன சித்திரையில் நான் போயிருந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ஐந்தாறு பேர் நின்று பேப்பர் கப்பில் ரோஸ் மில்க் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் மட்டும் டம்ளரில் குடித்தார். பழைய ராவுத்தரின் மகன். கப்பில் குடித்தால் ருசி தெரியாது என்று அவர் சொல்வாராம், அவருக்காகத் தம்பி எடுத்து வைத்திருக்கிறான். வாங்கிய ஆறில் ஒன்று உடைந்துபோய் ஐந்து இருக்கிறது. அம்மா தினமும் ஐந்தையும் கழுவித்தான் கவிழ்க்கிறாள்.